சீரியலில் வெடிக்கும் கார், ஒரகடத்தில் ஏன் வெடிப்பதில்லை தெரியுமா?

ஆலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் ஒரு வீட்டு ஹாலில் உட்கார்ந்து சீரியல் பார்த்திருக்கிறீர்களா? கார் சீன் வந்தால் கார் கம்பெனிக்குப் போகும் மாமா சிரிப்பார்! கண்ணாடி உடைந்தால் கண்ணாடி ஆலைக்குப் போகும் சித்தப்பா சிரிப்பார்! ஃபேக்டரி சீன் வந்துவிட்டால் போன் கம்பெனி அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள்! இந்த ஏரியாவில் ரிமோட்டைப் பிடித்திருக்கும் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றில் கில்லாடி. இவர்கள் காதில் பூச்சுற்ற முடியுமா? டிவியில் எது நிஜம், எது ரீல்? ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம், வாருங்கள்!

கார் மோதினால் டமார் என்று வெடிக்குமா?

வில்லன் கார் மரத்தில் இடிக்கிறது. அடுத்த நொடி தீப்பிழம்பு! நிஜத்தில் நடக்குமா? பெட்ரோல் என்ற திரவம் தானாக வெடிக்காது! அது ஆவியாகி, காற்றோடு ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்தால்தான் பற்றும். அதைவிடக் குறைந்தாலும் பற்றாது, கூடினாலும் பற்றாது! மோதிய கார் தீப்பிடிப்பதே அபூர்வம். தீப்பிடித்தாலும் அடுத்த நொடியே டமாரென்று வெடிக்காது. ஒரகடத்தில் 304 ஏக்கரில் விரிந்து கிடக்கும் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்தைத் தெரியுமா? காரை வேண்டுமென்றே மோதிப் பார்க்கும் கூடம் அங்கே இருக்கிறது! ஆனால் சினிமா வெடிகுண்டு நிபுணருக்கு மட்டும் அங்கே வேலை இல்லை!

சம்பளம் வாங்காத ஸ்டன்ட் நடிகர் யார் தெரியுமா?

மோதல் சோதனைக் காரில் உட்காரும் பொம்மைதான்! உலகெங்கும் அதிகம் பயன்படும் ஆண் பொம்மையின் எடை சுமார் 78 கிலோ, உயரம் 175 சென்டிமீட்டர். உடம்பு முழுக்க சென்சார்! கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் பாரத் என்கேப் திட்டம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் காரை எந்த வேகத்தில் மோதுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? 150? 200? இல்லவே இல்லை! முன்பக்கம் மோதுவது மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில். பக்கவாட்டில் 50. கம்பத்தில் இடிப்பது வெறும் 29 கிலோமீட்டர் வேகத்தில்! அந்த வேகத்திலேயே கார் நசுங்குகிறது. ஏர்பேக் விரிய எவ்வளவு நேரம்? ஏறக்குறைய 30 மில்லி விநாடி! நீங்கள் கண் சிமிட்டி முடிப்பதற்குள் விரிந்து, வேலையையும் முடித்துவிடும். சீரியல் ஹீரோயினோ அதே மோதலில் மூன்று முறை ஸ்லோமோஷனில் திரும்பிப் பார்க்கிறாள்!

"பிரேக் ஒயரைக் கட் பண்ணிட்டேன் பாஸ்!"

எத்தனை சீரியலில் கேட்டிருப்போம் இந்த வசனத்தை! ஆனால் காரின் கால் பிரேக் ஒயரில் ஓடுவதே இல்லை, தெரியுமா? அது ஓடுவது எண்ணெய் அழுத்தத்தில்! அதிலும் ஒன்றல்ல, இரண்டு தனித்தனிப் பாதைகள்! ஒன்று கசிந்து காலியானாலும் மற்றொன்று காரை நிறுத்தப் பார்க்கும். பிரேக் ஆயில் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். அதற்கும் மேலே ஹேண்ட் பிரேக் வேறு இருக்கிறது! 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் புதுக் கார்களுக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக்கும் கட்டாயம். வில்லனின் அடியாள் அரை நாள் லீவு போட்டு, காருக்கு அடியில் படுத்து, இரண்டு குழாயையும் தேடிக் கண்டுபிடித்து அறுத்திருக்க வேண்டும். அவ்வளவு சிரத்தை உள்ளவன் ஏன் அடியாளாக இருக்கிறான்?

கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய முடியுமா?

ஹீரோ ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்கிறார், ஒரு கீறல் இல்லை! ரகசியம் என்ன தெரியுமா? படப்பிடிப்பில் உடைவது சர்க்கரைப் பாகிலோ பிசினிலோ வார்த்த போலிக் கண்ணாடி! நிஜ ஜன்னல் கண்ணாடி கத்தி கத்தியாக உடையும், பாய்ந்தவர் நேராக ஐசியூவுக்குத்தான்! ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை 2000-ஆம் ஆண்டிலிருந்து கண்ணாடி செய்கிறது. எப்படித் தெரியுமா? 1,500 டிகிரிக்கு மேல் உருக்கிய கண்ணாடிக் குழம்பை, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்க விடுகிறார்கள்! அதனால்தான் இரண்டு பக்கமும் அவ்வளவு வழவழப்பு. இப்படிப்பட்ட உலையை ஒருமுறை பற்றவைத்தால், பத்துப் பதினைந்து ஆண்டுகள் அணைக்காமலே ஓட்டுவார்கள்! தீபாவளிக்குக்கூட லீவு கிடையாது!

கீழே விழுந்த குடுவை, உங்கள் காரில் இருக்கிறது!

1903. பிரான்ஸின் எடுவார் பெனடிக்டஸ் கை தவறி ஒரு கண்ணாடிக் குடுவையைக் கீழே போடுகிறார். உடைந்தது, ஆனால் சிதறவில்லை! உள்ளே காய்ந்து ஒட்டியிருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் லேமினேட்டட் கண்ணாடி! உங்கள் காரின் முன்கண்ணாடி அந்த வகைதான். அடி விழுந்தால் சிலந்தி வலை மாதிரி விரிசல் விடும், பொலபொலவென்று கொட்டாது. சீரியலில் முன்கண்ணாடி மழையாகக் கொட்டினால், இனி நீங்களும் சிரிக்கலாம்!

ஃபேக்டரிக்குள் வளையல் சத்தம் கேட்டால் என்ன ஆகும்?

சீரியல் ஹீரோயின் ஃபேக்டரிக்குள் நுழைகிறாள். அவிழ்த்துவிட்ட கூந்தல், கை நிறைய வளையல், காதில் செல்போன்! எலக்ட்ரானிக்ஸ் லைனில் வேலை செய்யும் பெண்ணிடம் இதைக் காட்டிப் பாருங்கள், தலையில் அடித்துக்கொள்வாள்! நிஜத்தில் போன் கேட்டிலேயே லாக்கருக்குப் போய்விடும். கூந்தல் தொப்பிக்குள் போய்விடும். வளையலும் மோதிரமும் வீட்டில். மேலே ஒரு கோட். மணிக்கட்டில் ஒரு பட்டை, அதிலிருந்து ஒரு ஒயர். சோதனைப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தால்தான் உள்ளே விடுவார்கள்! ஏன் இவ்வளவு கெடுபிடி? நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் ஏறக்குறைய 3,000 வோல்ட்டைத் தாண்டினால்தான் "சுரீர்" என்று நமக்கே உறைக்கும். ஆனால் சில சிப்புகளைக் கொல்ல 100 வோல்ட்டுக்குக் குறைவாகவே போதும்! அதாவது, நாம் ஒரு போனைக் கொன்றது நமக்கே தெரியாது! இதைவிடப் பெரிய சஸ்பென்ஸ் எந்த எபிசோடில் வந்திருக்கிறது?

18,720 கதாநாயகிகள், ஒரு மாமியார்கூட இல்லை!

தமிழ் சீரியலில் ஒரு வீட்டில் எத்தனை பெண்கள் இருப்பார்கள்? ஐந்து? ஏழு? வல்லம் வடகாலில் ஒரே வளாகத்தில் 18,720 பெண்கள் தங்கலாம்! அரசு நிறுவனமான சிப்காட் கட்டிய இந்தத் தொழிலாளர் விடுதிக்கு ஆன செலவு 706.50 கோடி ரூபாய். 13 கட்டடங்கள்! 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்து வைக்கப்பட்டது. போன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்க்கும் பெண்களுக்கானது. பல ஊர்களிலிருந்து வந்த பெண்கள், முதல் சம்பளம், நைட் ஷிஃப்ட், வீட்டுக்கு அனுப்பும் பணம், வார லீவு... எத்தனை ஆயிரம் கதைகள்! நம் சீரியல்களோ இன்னும் சமையலறையில் பாயசத்தில் உப்பைக் கொட்டிக்கொண்டிருக்கின்றன!

ஸ்ட்ரைக் எத்தனை நிமிடத்தில் முடியும்?

சீரியலில்? ஹீரோ பெட்டி மேல் ஏறிப் பேசினால் ஐந்து நிமிடம்! நிஜத்தில்? ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் 15 அன்றுதான் முடிந்தது. 37 நாள்! தொழிற்சங்கத்துக்குப் பதிவு கிடைத்ததோ 2025 ஜனவரியில்! இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷினோடு டிவியும் செய்யும் ஆலை அது! டிவி செய்பவர்களின் கதை டிவி சீரியலில் எப்போது வரும்?

ஆலை, தொழிற்சங்கம், தீ விபத்து என்று கதையின் நடுவில் வைத்த தொடர் ஒன்று 2022-இல் வந்தது. புஷ்கர்–காயத்ரி உருவாக்கிய 'சுழல்'! சிமென்ட் ஆலையும் மயானக் கொள்ளைத் திருவிழாவும் ஒரே கதையில்! தொழிற்சங்கத் தலைவராக வந்தவர் பார்த்திபன். ஊர் கற்பனைதான், ஆனால் ஆலையை நம்பி வாழும் ஊரின் மூச்சு அதில் இருந்தது என்பது என் கட்சி.

மாயம் செய்த கேமரா!

ஒரு திரைக்கதை ஆசிரியர் இப்படி எழுதினால் ஒப்புக்கொள்வீர்களா? குண்டு வெடிக்கிறது. படம் எடுத்துக்கொண்டிருந்தவர் இறந்துவிடுகிறார். ஆனால் அவர் கேமரா உடையவில்லை! உள்ளே 10 படங்கள், கொலையாளியின் முகத்தோடு! "லாஜிக்கே இல்லையே" என்றுதானே சொல்வீர்கள்? இது 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் நிஜமாக நடந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கின் முதல் பெரிய துப்பு, புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமராதான்! இடுப்பில் கட்டிய பெல்ட் குண்டு அது என்று தடயங்களிலிருந்து கண்டறிந்தவர் தமிழக தடய அறிவியல் துறையின் பேராசிரியர் பி. சந்திரசேகரன். கொலையாளிகளைத் தேடிய மூன்று மாத வேட்டை ஆகஸ்ட் 20 அன்று பெங்களூரு அருகே கோணனகுண்டேயில் முடிந்தது. அதை 7 எபிசோடுகளாக எடுத்தார் நாகேஷ் குக்குநூர். 'தி ஹன்ட்' 2025 ஜூலை 4 அன்று சோனிலிவ்வில் வந்தது. பின்னணி இசையைக் கூட்டாமல், ஆவணங்களையும் அலுப்பூட்டும் காத்திருப்பையும் காட்டிய இடங்களில்தான் அது நம்ப வைக்கிறது!

மெட்ராஸுக்குத்தான் முதலிடம், தெரியுமா?

சீரியல் போலீஸ் முடியை எடுத்துக் கொடுத்தால், டீ ஆறுவதற்குள் டிஎன்ஏ ரிசல்ட் ரெடி! நிஜ லேபில் அதற்கு நாட்கள், சில நேரம் வாரங்கள்கூட ஆகும். ஆனால் பெருமைப்பட ஒன்று இருக்கிறது! இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதனைக் கூடம் எங்கே தொடங்கியது தெரியுமா? மெட்ராஸில், 1849-இல்! விஷம் வைத்துக் கொன்றார்களா என்று சோதிக்கும் கூடம் அது. இன்னொரு ஆச்சரியம்: இந்தியில் 1998 முதல் 2018 வரை ஓடிய துப்பறியும் தொடர் 'சிஐடி' 2004-இல் 111 நிமிடக் காட்சியை ஒரு கட்கூட இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்துச் சாதனைப் புத்தகத்தில் ஏறியது! அதுதான் நிஜமான மர்மம்!

கோடு நேராகப் போனால் ஷாக் கொடுக்கலாமா?

மானிட்டரில் கோடு நேராகிறது. "பீ...ப்!" டாக்டர் ஷாக் கொடுக்கிறார். நோயாளி எழுந்து உட்கார்ந்து "நான் எங்கே இருக்கிறேன்?" என்கிறார்! கூடவே கூடாது! நேர்கோடு என்றால் மின்துடிப்பே நின்றுவிட்டது. அதற்கு ஷாக் சிகிச்சையே கிடையாது. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரத்தான் ஷாக்! நேர்கோட்டுக்கு மார்பை அழுத்த வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டராவது ஆழத்தில்! 1996-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 97 டிவி எபிசோடுகளை உட்கார்ந்து பார்த்தார்கள். அதில் 60 முறை இதய உயிர்ப்பு முயற்சி. உடனடியாகப் பிழைத்தவர்கள் எத்தனை பேர்? 75 சதவீதம்! நிஜ மருத்துவமனைகளின் கணக்கு அதற்குப் பக்கத்தில்கூட வராது. டிவி பார்த்தே நாம் டாக்டர்களிடம் அதிசயத்தை எதிர்பார்க்கப் பழகிவிட்டோம்!

மயக்க மருந்துக் கைக்குட்டை! நாடி பிடித்துக் கர்ப்பம்!

மூக்கில் கைக்குட்டை வைத்த இரண்டாவது நொடியில் ஹீரோயின் சாய்கிறாளா? குளோரோஃபார்ம் மயக்கம் வர சில நிமிடங்கள் ஆகும்! வில்லன் அதுவரை அவளைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். அதற்குள் ஷிஃப்ட் பஸ்ஸே வந்துவிடும்! அப்புறம், வாந்தி எடுத்ததும் பாட்டி நாடி பிடித்து "முழுகாம இருக்கா!" என்பது? அதைச் சொல்ல வேண்டியது சிறுநீர் அல்லது ரத்தப் பரிசோதனை! அதுவும் கரு தரித்துக் கிட்டத்தட்ட பத்து, பதினைந்து நாள் கழித்துத்தான்!

நீதிபதி கையில் சுத்தியல் இருக்கிறதா?

"ஆர்டர்! ஆர்டர்!" டொக் டொக்! இந்திய நீதிமன்றங்களில் சுத்தியல் அடிக்கும் வழக்கமே இல்லை, தெரியுமா? கீதை மேல் கை வைத்துச் சத்தியமும் இல்லை! 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடவுள் பெயரால் சொல்லலாம், அல்லது மனசாட்சிப்படி உறுதி கூறலாம். புத்தகம் எதற்கும் வேலை இல்லை! சீரியல் கோர்ட் நம் ஊர் கோர்ட்டைப் பார்த்து எடுத்ததல்ல. பழைய சினிமா கோர்ட்டைப் பார்த்து எடுத்தது!

வலுக்கட்டாயத் தாலி செல்லுமா?

மேடையேறி வில்லன் தாலி கட்டிவிட்டான்! "இனி இதுதான் என் விதி" என்று ஹீரோயின் அடுத்த 300 எபிசோடுகள் அழுகிறாள். அழ வேண்டியதே இல்லை! பலவந்தத்தால் நடந்த கல்யாணத்தை ரத்து செய்ய இந்து திருமணச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. மிரட்டல் நீங்கிய ஓராண்டுக்குள் மனு போட்டால் போதும்! இன்னொன்று தெரியுமா? தமிழ்நாட்டில் கல்யாணத்துக்குத் தாலி கட்டாயமே இல்லை! 1967-இல் அண்ணா ஆட்சியில் வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டப்படி மாலை மாற்றினாலே, மோதிரம் போட்டாலே செல்லும். முதல் மனைவி இருக்க இன்னொரு கல்யாணம் செய்யும் சீரியல் கணவர்களே, கவனம்! அதற்கு 7 ஆண்டு வரை சிறை!

பூந்தமல்லி தாண்டினால் பிக் பாஸ் வீடு!

'நிஜம்' என்றே பெயர் வைத்த ரியாலிட்டி ஷோ எங்கே எடுக்கப்பட்டது தெரியுமா? ஸ்ரீபெரும்புதூர் போகும் அதே பெங்களூர் நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கம் ஈவிபி ஃபிலிம் சிட்டியில்! 2017-இல் கமல்ஹாசன் தொகுத்து வழங்கிய முதல் சீசனில் 30 கேமரா. கணக்குப் போடுங்கள்: 30 கேமரா, 24 மணி நேரம்... ஒரு நாளைக்கு 720 மணி நேரக் காட்சி! நமக்குக் காட்டியதோ ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான். மீதி 718 மணி நேரக் காட்சியில் போட்டியாளர்கள் என்ன செய்தார்கள்? நிஜம் அங்கேதான் கிடக்கிறது!

90 வயதைத் தாண்டிச் சீரியல் எழுதிய நாத்திகர்!

ஸ்ரீபெரும்புதூரில் 1017-இல் பிறந்த வைணவ மகான் ராமானுஜரின் கதை 2015-இல் கலைஞர் டிவியில் சீரியலாக வந்தது. வசனம் எழுதியவர் யார் தெரியுமா? பகுத்தறிவு பேசிய மு. கருணாநிதி! அவர் 92-ஆவது பிறந்தநாள் கொண்டாடிய ஆண்டு அது! தயாரித்தவர் குட்டி பத்மினி. நடிகர் அச்சு அசலாக இருக்கிறாரா என்று நாம் சண்டை போடுகிறோமே, அந்தச் சண்டைக்கு ஸ்ரீபெரும்புதூரில் 900 வயது! ராமானுஜர் உயிரோடு இருந்தபோதே செய்து, அவரே தழுவி ஒப்புக்கொடுத்த சிலைதான் ஸ்ரீபெரும்புதூர் கோயிலில் இருப்பது என்பது வைணவ மரபு. பெயரே 'தான் உகந்த திருமேனி'! ஸ்ரீரங்கத்தில் 'தானான திருமேனி', மேல்கோட்டையில் 'தமர் உகந்த திருமேனி'. ஒரே மகானுக்கு மூன்று உருவங்கள், மூன்றுக்கும் தனித்தனிக் கதை!

காபி கப்பும் 'இவருக்குப் பதில் இவரும்'!

தப்பு நம்மூரில் மட்டும்தானா? கோடிகளைக் கொட்டி எடுத்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 2019 மே மாத எபிசோடில், டிராகன் ராணியின் மேசையில் பேப்பர் காபி கப்! உலகமே சிரித்தது! 'மேஷ்' என்ற அமெரிக்கத் தொடரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மூன்றே ஆண்டு நடந்த கொரியப் போரைப் பற்றிய அந்தத் தொடர் 11 ஆண்டுகள் ஓடியது! நம்மூர்? கணவராக நடித்தவர் ஒரு திங்கட்கிழமை முதல் வேறு முகத்தோடு வருவார். கீழே ஒரு வரி: "இவருக்குப் பதில் இவர்". மனைவிக்குச் சந்தேகமே வராது! இருந்தும் திருமுருகனின் 'மெட்டி ஒலி' 811 எபிசோடுகளிலும் நம்மை உட்கார வைத்ததே, எப்படி? ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவின் முகத்தில் கடன் தெரிந்தது. அவ்வளவுதான்!

எதை மன்னிக்கலாம், எதை மன்னிக்கக் கூடாது?

நாகினி பழிவாங்கட்டும், மன்னிக்கலாம்! செத்தவர் திரும்பி வரட்டும், அதையும் மன்னிக்கலாம்! அது கதை என்று ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் ஷாக் மெஷினும் கட்டாயத் தாலியும் அப்படியா? பார்ப்பவர் அதை நிஜமென்று நம்பி, நாளை நிஜ ஆஸ்பத்திரியிலும் நிஜ வாழ்க்கையிலும் அதன்படி நடந்துவிடுவார்! பெரிய பொய்யைவிடச் சின்னப் பொய்தான் ஆபத்து!

கடைசியாக ஒன்று! ஒரகடம், வல்லம் ஆலைகளில் ராயல் என்ஃபீல்டு பைக்குகள் இயந்திர வேகத்தில் வெளிவருகின்றன. ஆனால் சில பெட்ரோல் டேங்குகளின் ஓரத்தில் ஓடும் அந்த மெல்லிய தங்கக் கோட்டை வரைவது யார் தெரியுமா? ரோபோ இல்லை! பிரஷ் பிடித்த மனிதக் கை! அளவுகோல் இல்லை, டேப் இல்லை, ஒரே இழுப்பு! இதை ஒரு சீரியலில் காட்டினால் "சும்மா ரீல் விடாதீங்க" என்போம், இல்லையா?